புரியாமலே சரியாகச் சொல்ல முடியுமா?

கணினிப் பொறியியல் கடைசி வருடம் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருப்பது இது: "செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு மனிதன் யார், அறிவியல் என்றால் என்ன என்பது பற்றிய தத்துவப் பார்வை நிஜமாகவே மாறியிருக்கிறதா, இல்லை எல்லாம் வெறும் பரபரப்பா? படிப்பு முடிந்ததும் எம்.ஏ. தத்துவம் சேரலாமா என்று யோசிக்கிறேன். அங்கே இனி யோசிக்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா?"

மாறியிருக்கிறது. ஆனால் மேடையில் எல்லாரும் கைகாட்டும் இடத்தில் இல்லை. இயந்திரம் மனிதனை மிஞ்சுமா மிஞ்சாதா என்று பட்டிமன்றம் வைப்பது எனக்கு அலுத்துவிட்டது, இரண்டு அணிக்கும் வசனம் ஏற்கெனவே எழுதிவைத்ததுதான். நான் இந்த ஊரில் இருபத்தாறு வருடம் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன், என் கண்ணில் பட்ட மாற்றம் வேறு. அதைச் சொல்ல ஒரு பழைய கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். கொஞ்சம் பொறுங்கள், சுற்றிவளைத்து உங்கள் கேள்விக்குத்தான் வருவேன்.

1825ஆம் வருடம், பாண்டிச்சேரி. ஜான் வாரன் என்று ஒரு ராணுவ அதிகாரி. அதற்கு முன்னால் நம் நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தில் பொறுப்பில் இருந்தவர், தென்னிந்தியாவில் காலத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று குடைந்துகொண்டே இருந்தவர். அவர் உள்ளூர்ப் பஞ்சாங்கக் கணக்கர் ஒருவரைப் பிடித்து, அந்த வருடம் மே 31 இரவுக்கான சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டச் சொல்கிறார். அந்த மனிதர் தாளும் எடுக்கவில்லை, எழுத்தாணியும் எடுக்கவில்லை. தரையில் உட்கார்ந்து சோழிகளைப் பரப்பினார். வாய்க்குள் ஏதோ வாக்கியங்களை முணுமுணுத்தார், சோழிகளை இங்கிருந்து அங்கே நகர்த்தினார், கூட்டினார், கழித்தார், கடைசியில் நேரத்தைச் சொன்னார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் பிசகு வெறும் 4 நிமிடம். நடுநேரத்தில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். தொலைநோக்கி இல்லாமல், தரையில் உட்கார்ந்து, சோழியை வைத்து!

வாரனை ஆச்சரியப்படுத்தியது அது மட்டுமில்லை. இந்த மனிதருக்கு வானியல் கோட்பாட்டில் ஒரு சொல்கூடப் புரியாது என்றும், அபாரமான நினைவாற்றல் மட்டும் இருந்தது என்றும் அவர் எழுதிவைத்தார். பின்னால் 1952இல் பழங்கால வானியல் வரலாற்றில் பெரிய பெயரான ஓட்டோ நாய்கெபௌவர் இந்தக் குறிப்பை எடுத்து, தமிழ் வானியல் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதினார்.

அந்த வாக்கியங்களில் என்ன இருந்தது? சந்திரன் பூமிக்கு மிகக் கிட்டத்தில் வந்துவிட்டு மறுபடி அதே கிட்டத்துக்கு வர ஏறத்தாழ 27.55 நாள். அதை 9ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட முழுசாக 248 நாள். அதாவது 248 நாளுக்கு ஒருமுறை சந்திரனின் வேகம் கூடிக் குறையும் ஒழுங்கு அப்படியே திரும்புகிறது. ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வாக்கியம் என்று 248 வாக்கியம், அதில் எழுத்துகளுக்குள் எண்ணை ஒளித்துவைத்திருப்பார்கள். வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயரே அங்கிருந்து வந்ததுதான். மனப்பாடம் செய்தவனுக்கு ஏன் 248 என்று தெரிய வேண்டிய அவசியமில்லை. யாரோ எப்போதோ வானத்தைப் பார்த்துக் கண்டுபிடித்ததை அட்டவணையாக்கிப் பாட்டாக்கிவிட்டார்கள், பாட்டைச் சொன்னால் சந்திரன் வந்து நிற்கும்.

இப்போது உங்கள் மடிக்கணினியில் ஓடும் மொழி மாதிரியை, அதாவது சாட்ஜிபிடி வகை 'லாங்குவேஜ் மாடலை', நினைத்துப் பாருங்கள். அடுத்த சொல் எது என்று கணிக்கப் பழகிய ஒன்று. கோடிக்கணக்கான மனிதர்கள் எழுதியதெல்லாம் எண்களாக உள்ளே கிடக்கிறது. அதுவும் சோழிகளை நகர்த்துகிறது, நமக்கு விடை வருகிறது. அமெரிக்கத் தத்துவக்காரர் ஜான் சேர்ல் 1980இல் சீன மொழி தெரியாத ஒருவனை அறைக்குள் உட்காரவைத்து, விதிப்புத்தகத்தைப் பார்த்துச் சீன எழுத்துகளை மாற்றி மாற்றி வெளியே தள்ளவைத்து, 'இவனுக்குச் சீனம் தெரியும் என்பீர்களா?' என்று கேட்டார். உலகம் முழுக்கத் தத்துவ வகுப்பில் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். சேர்லுக்கு அது கற்பனை. அதற்கு 155 வருடம் முன்பே பாண்டிச்சேரியில் ஒரு மனிதர் நிஜமாகவே அப்படி உட்கார்ந்திருந்தார், நம் பாடத்திட்டத்தில்தான் அவருக்கு இடமில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். நேற்று வரை சரியான விடை என்பது புரிதலுக்கு ரசீது மாதிரி இருந்தது. விடை சரியாக இருந்தால் உள்ளே புரிதல் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டோம். பள்ளித் தேர்வு, வேலைக்கான நேர்காணல், ஆராய்ச்சிக் கட்டுரை எல்லாம் இந்த நம்பிக்கையில்தான் ஓடின. உருப்போட்டு சென்டம் வாங்கும் பிள்ளைகளை அறிந்த நமக்கு அந்த ரசீது சில சமயம் போலி என்று தெரியும், ஆனால் அது விதிவிலக்கு என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம். வைவாவில் ஒரு கேள்வியைத் திருப்பிப் போட்டால் மாட்டிக்கொள்வான் என்ற தைரியம் இருந்தது. இப்போது திருப்பிப் போட்டாலும் பதில் வருகிறது. செய்ய முடிவதும் புரிந்துகொள்வதும் ஒன்றில்லை, தனித்தனியாகக் கிடைக்கக்கூடியவை என்பது ஊரறிய அம்பலமாகிவிட்டது. மனிதனைப் பற்றிய கேள்வியும் அறிவியலைப் பற்றிய கேள்வியும் இந்த ஒரே விரிசலிலிருந்துதான் கிளம்புகின்றன.

முதலில் மனிதன். 1637இல் பிரெஞ்சுத் தத்துவக்காரர் டெக்கார்ட், இயந்திரத்தையும் மனிதனையும் பிரித்தறிய இரண்டு சோதனை சொன்னார். ஒன்று, இயந்திரம் சொற்களை உச்சரிக்கலாம், ஆனால் தன்னிடம் சொல்லப்பட்டதன் பொருளுக்கு ஏற்ப விதவிதமாகச் சொற்களை அடுக்கிப் பதில் சொல்லாது. இரண்டு, சில வேலைகளை நம்மைவிட நன்றாகச் செய்யலாம், ஆனால் எல்லாச் சூழ்நிலைக்கும் ஈடுகொடுக்காது, எங்கேயாவது கோட்டைவிடும். முந்நூற்றைம்பது வருடத்துக்கும் மேலாக இந்த வேலி நின்றது. கணினி அறிவியலின் முன்னோடி ட்யூரிங் 1950இல் இதே வேலியைத்தான் தேர்வாக மாற்றினார். முதல் சோதனை இப்போது காலி. இரண்டாவது இன்னும் பாதி நிற்கிறது. நம்மை எதைச் செய்ய முடியும் என்பதை வைத்து வரையறுத்துக்கொண்டால் இப்படித்தான், ஒவ்வொரு முறையும் வேலியைப் பிடுங்கி நாலடி பின்னால் நட வேண்டியிருக்கும். சதுரங்கம் போனது, 1997இல் காஸ்பரோவ் தோற்றார். 'கோ' ஆட்டம் போனது, 2016இல் லீ சேடோல் 4-1 என்று தோற்றார். ஒவ்வொரு தடவையும் "அது நிஜமான அறிவு இல்லை" என்று பின்வாங்கினோம்.

நம் மரபில் ஆறறிவு என்கிறோமே, அதைப் பார்க்கலாம். பள்ளியில் ஆறாவது அறிவு பகுத்தறிவு என்று சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். தொல்காப்பிய மரபியலில் இருக்கும் சொல் வேறு: 'ஆறறி வதுவே அவற்றொடு மனனே'. மனம். அதைவிட முக்கியம் 'அவற்றொடு' என்ற சொல். தொடுதல், சுவை, நாற்றம், பார்வை, கேள்வி, இவற்றோடு சேர்ந்த மனம். முதல் படி புல்லும் மரமும், அதற்கு உடம்பில் படுவது தெரியும். ஒவ்வொரு படியாக ஏறித்தான் ஆறாவது. நாம் இப்போது செய்துவைத்திருக்கும் பொருள் கீழே ஐந்து படியையும் தொடாமல் ஆறாவது படியில் போய்க் குந்தியிருக்கிறது. புல்லுக்கு இருக்கும் ஓரறிவு இதற்கில்லை, ஆனால் வழக்கறிஞர் நோட்டீஸ் எழுதித் தருகிறது. கேமரா, மைக்கை மாட்டினால் பார்வையும் கேள்வியும் வந்துவிடாதா என்று கேட்பீர்கள். தரவாக வருகிறது, சரி. சுட்டால் கையை இழுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமாக வருகிறதா என்பதுதான் என் சந்தேகம்.

ரோபோத் துறைக்காரர்கள் இதை 1980களிலேயே பார்த்துவிட்டார்கள். ஹான்ஸ் மொரவெக் சொன்னது: பெரியவர்களுக்குக் கஷ்டமான நுண்ணறிவுத் தேர்வும் செக்கர்ஸ் மாதிரிப் பலகை ஆட்டமும் இயந்திரத்துக்குச் சுலபம், ஒரு வயதுக் குழந்தை செய்யும் பார்ப்பது, நகர்வது எல்லாம் மகா கஷ்டம். கோயம்பேட்டில் விடிகாலையில் வாழைத்தார் இறக்கும் ஆளைப் பாருங்கள். ஈரத்தரை, குறுக்கே தள்ளுவண்டி, தோளில் தார், பின்னால் வரும் லாரியின் ஹாரனை வைத்தே அது நிற்குமா நிற்காதா என்று கணக்குப் போட்டு ஒரு பக்கம் ஒதுங்குகிறார். அதை நாம் அறிவு என்றே சொல்லியதில்லை, கூலி வேலை என்றோம். தேர்வு எழுதுவதை அறிவு என்றோம். எதை உயர்ந்தது என்று ஏற்றிவைத்தோமோ அது மலிவாகிவிட்டது, எதை மட்டமாகப் பார்த்தோமோ அது இன்னும் யாராலும் நகலெடுக்க முடியாமல் நிற்கிறது. உடலுழைப்பைக் கீழாக வைத்த ஒரு சமூகத்துக்கு இதில் கன்னத்தில் அறை மாதிரி ஒரு செய்தி இருக்கிறது, அதை எத்தனை பேர் வாங்கிக்கொள்வார்கள் தெரியாது.

சரி, மரபியலில் இன்னொன்றும் இருக்கிறது, நியாயத்துக்கு அதையும் சொல்ல வேண்டும். மக்கள் ஆறறிவுயிர் என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் 'பிறவும் உளவே அக்கிளைப் பிறப்பே' என்கிறது நூற்பா. அந்த வகையில் வேறும் உண்டு. கதவை முழுசாகச் சாத்தவில்லை. தொல்காப்பியர் கணினியை நினைத்து எழுதினார் என்று வாட்ஸ்அப்பில் யாராவது கிளப்பிவிடுவதற்குள் சொல்லிவிடுகிறேன், அப்படியெல்லாம் இல்லை. ஆனால் மனிதன் மட்டும்தான் என்று அடித்துச் சொல்லாத ஒரு மரபு நம்மிடம் இருந்திருக்கிறது, ஐரோப்பியத் தத்துவத்துக்கு இருக்கும் பதற்றம் நமக்கும் அப்படியே இருக்க வேண்டியதில்லை.

அடுத்து உணர்ச்சி. "இயந்திரத்துக்கு உணர்வு கிடையாது, அதனால் அதன் சொல் பொய்" என்று ரொம்பப் பேர் முடித்துவிடுகிறார்கள். அவ்வளவு சுலபமா? தமிழில் 'கூலிக்கு மாரடிப்பது' என்று ஒரு பேச்சு இருக்கிறது, திட்டுவதற்குத்தான் பயன்படுத்துகிறோம். ஆனால் ஒப்பாரி பாட வருகிறவர்களை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். என் பெரியம்மா இறந்தபோது வியாசர்பாடிப் பக்கம் இருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருவர் என் அண்ணனிடம் வந்து தாழ்ந்த குரலில் "பேரு இன்னாபா? எத்தினி புள்ளிங்க? வூட்டுக்காரரு இருக்காரா?" என்று மூன்று கேள்வி கேட்டார், அவ்வளவுதான் அவருக்குக் கிடைத்த தரவு. பிறகு உட்கார்ந்து பாட ஆரம்பித்தார். அதுவரை கல் மாதிரி நின்றிருந்த அண்ணன் பத்தே நிமிடத்தில் உடைந்து அழுதான். அந்தப் பெண்ணுக்குப் பெரியம்மாவை முன்பின் தெரியாது, அந்தத் துக்கம் அவருடையது இல்லை, ஆனால் துக்கத்துக்கு வழி திறந்தது அவர்தான். சொல்கிறவர் உள்ளே என்ன இருக்கிறது என்பதும், சொல் கேட்பவரிடம் என்ன செய்கிறது என்பதும் வேறு வேறு என்று நமக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும், தெரிந்துதான் காசு கொடுத்துக் கூப்பிட்டோம்.

அப்போ மொழி மாதிரி எழுதித் தரும் இரங்கல் செய்தியும் அதேதானே? இங்கே எனக்கு இடிக்கிறது. அந்தப் பெண் மறுபடி எங்கள் தெருவுக்கு வருவார். சரியாகப் பாடவில்லை என்றால் அடுத்த சாவுக்குக் கூப்பிட மாட்டார்கள். அவர் வீட்டிலும் ஒருநாள் சாவு விழும், அந்தப் பாட்டு அவருக்கும் ஒருநாள் நிஜமாகும். பாண்டிச்சேரிக் கணக்கரும் அப்படித்தான். கோட்பாடு தெரியாது என்று வாரன் எழுதிவிட்டார், ஆனால் கிரகணம் எதற்கு என்று அவருக்குத் தெரியும். அந்த நேரத்தை வைத்து ஊரே விரதம் இருக்கும், தர்ப்பணம் செய்யும், குளிக்கப் போகும். தப்பாகச் சொன்னால் மறுநாள் தெருவில் தலைகாட்ட முடியாது. தமிழில் வாக்கு என்றால் சொல், வாக்கு என்றாலே சத்தியமும்தான். இயந்திரம் வாக்கியம் தருகிறது, வாக்குக் கொடுப்பதில்லை. தப்பு என்று சுட்டிக்காட்டினால் உடனே மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுத்த வரியில் இன்னொரு தப்பை அதே தைரியத்தோடு சொல்கிறது, அதற்கு இழக்க ஒன்றுமில்லை. மனிதனின் தனித்தன்மை என்று எதையாவது சொல்லியே ஆக வேண்டுமென்றால் கெட்டிக்காரத்தனத்தைவிட இந்த இழக்க முடிகிற நிலையைத்தான் சொல்வேன். இதுவும் இன்னும் முப்பது வருடத்தில் பின்வாங்க வேண்டிய வேலியாகலாம். எனக்கு இப்போது தெரிகிற இடம் இது.

இனி அறிவியல். என்னைக் கேட்டால் மனிதனைப் பற்றிய கலவரத்தைவிட இங்கே நடப்பதுதான் பெரிசு, இங்கேதான் நம் ஊருக்கும் பங்கு இருக்கிறது.

ஜி. என். ராமச்சந்திரன் 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்கு வந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட முழுசாக ஆகவில்லை. இங்கேதான் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து, நம் தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் புரதம் மூன்று இழை முறுக்கிய கயிறு மாதிரி என்று கண்டுபிடித்தார். 1963இல் ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து வெளியிட்டதுதான் இன்று உலகத்தில் எந்த உயிர்வேதியியல் பாடநூலைத் திறந்தாலும் இருக்கும் ராமச்சந்திரன் வரைபடம். அதன் அழகு என்னவென்றால் அடிப்படை யோசனையைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கே விளக்கிவிடலாம். புரதம் ஒரு சங்கிலி. ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு இடத்தில் திருகலாம். சில கோணத்தில் திருகினால் அணுவும் அணுவும் முட்டிக்கொள்ளும், ஆகவே அந்தக் கோணம் நடக்காது. எது நடக்கும், எது நடக்காது என்று ஒரு சதுரத்தில் வரைந்துவிட்டார்கள். சதுரத்தில் பெரும்பகுதி 'நடக்காது'தான். நெரிசலான பல்லவன் பஸ்ஸில் முழங்கையை எந்தப் பக்கம் மடக்க முடியும் என்பது மாதிரி, இடம் இருந்தால்தான் திரும்பலாம். வகுப்பில் இதைச் சொல்லும்போது பிள்ளைகள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். 'ஓ, அவ்வளவுதானா' என்று வருகிற வெளிச்சம். அறிவியல் என்றால் எனக்கு அதுதான்.

இப்போது ஆல்ஃபாஃபோல்டு, புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு. ஏறத்தாழ 1,70,000 புரத வடிவங்களைப் பார்த்துப் பழகியது. 2020இல் நடந்த உலகப் போட்டியில், அரை நூற்றாண்டாகக் கல்லாக நின்ற வடிவக் கணிப்புச் சிக்கலை ஒரே தாவில் தாண்டியது. 2022க்குள் 20 கோடிக்கும் மேற்பட்ட புரதங்களுக்கு வடிவம் கணித்துப் போட்டுவிட்டார்கள். 2024 வேதியியல் நோபலில் பாதி அதைச் செய்த ஹசாபிஸுக்கும் ஜம்பருக்கும் போனது, மீதிப் பாதி புதுப் புரதங்களை வடிவமைத்த டேவிட் பேக்கருக்கு. நான் இதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஒரு முனைவர் பட்ட மாணவன் ஒரே ஒரு புரதத்தின் படிகம் வளர வருடக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் படிகம் வராமல் ஊருக்குப் போனதைப் பார்த்தவன் நான். ஆனால் அந்தச் சங்கிலி ஏன், எந்த வழியாக மடங்கி அந்த வடிவத்துக்கு வருகிறது என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை. போய்ச்சேரும் இடத்தைச் சொல்கிறது, பாதையைச் சொல்வதில்லை. அப்புறம் இதையும் கேளுங்கள்: கணித்து வந்த வடிவம் நம்பத்தக்கதா என்று சோதிக்க இன்றும் செய்யும் பரிசோதனைகளில் ஒன்று, அதன் கோணங்கள் ராமச்சந்திரன் வரைபடத்துக்குள் விழுகின்றனவா என்று பார்ப்பது. சோழி நகர்த்துகிறவர் சொன்ன நேரத்தை, முட்டுமா முட்டாதா என்று யோசித்தவரின் தாளில் வைத்துச் சரிபார்க்கிறார்கள்.

"கணிப்பு சரியாக வந்தால் போதாதா, விளக்கம் என்ன ஆடம்பரமா?" என்று என் மருமகனே கேட்கிறார், அவர் தரவுத் துறையில் இருக்கிறார். 2008லேயே அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் கோட்பாட்டின் காலம் முடிந்தது என்று எழுதிவிட்டார்கள். மருமகனுக்கு நான் நுங்கம்பாக்கத்துக் கதையின் இரண்டாம் பாகத்தைச் சொன்னேன். வாரனின் பாண்டிச்சேரிக் கதைக்குச் சுமார் நாற்பது வருடம் கழித்து, நுங்கம்பாக்கத்தில் அதே வானாய்வகத்தில் முதல் உதவியாளராக இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867இல் ஒரு மாறும் விண்மீனைக் கண்டுபிடித்தவர். 1874இல் வெள்ளி, சூரியனைக் கடக்கப்போகிறது என்று நம் மொழிகள் சிலவற்றில் புத்தகம் போட்டு மக்களுக்கு விளக்கியவர். அவர் ஓயாமல் சொன்னது, வாக்கியக் கணக்கு வானத்தைவிட்டு விலகிக்கொண்டே போகிறது, தொலைநோக்கியில் பார்த்துத் திருத்துங்கள் என்று. அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. எங்கள் மந்தைவெளி வீட்டில் ஒவ்வொரு சனிப்பெயர்ச்சிக்கும் என் மாமியார் வாக்கியத்தில் ஒரு தேதியும் என் மனைவி திருக்கணிதத்தில் ஒரு தேதியும் சொல்லி, கோயிலுக்கு இரண்டு தடவை போய்வருகிறோம். அர்ச்சனை தட்டுக்காரருக்குக் கொண்டாட்டம்!

விஷயம் என்னவென்றால், அட்டவணை தப்பாகப் போகும்போது அட்டவணைக்கு அது தெரியாது. எவ்வளவு விலகியது, எதனால் விலகியது, எங்கே திருத்துவது என்பதற்கு வெளியே ஒரு விளக்கம் இருக்க வேண்டும். அமெரிக்காவில் 2018இல் ஓர் ஆய்வு வந்தது. நெஞ்சு எக்ஸ்ரே பார்த்து நிமோனியா சொல்லப் பழக்கிய கணினி மாதிரி ஒன்று, படம் எந்த மருத்துவமனையில் எடுத்தது என்பதையும் பிரமாதமாகக் கண்டுபிடித்தது. ஒரு மருத்துவமனையில் நோயாளிகள் அதிகம், இன்னொன்றில் குறைவு, ஆகவே இடத்தை அடையாளம் கண்டாலே பாதி விடை கைக்கு வந்துவிடும். வேறு ஊர் மருத்துவமனைப் படங்களைக் கொடுத்தபோது பெரும்பாலும் தடுமாறியது. நுரையீரலைப் பார்க்கிறது என்று நினைத்தோம், முகவரியையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது. இதை நாளை நம் ஊர்க் காசநோய் முகாமில் வைக்கிறோம் என்றால், ஆம் நான் வைக்கத்தான் வேண்டும் என்பேன், எக்ஸ்ரே படிக்க ஆள் இல்லாத இடத்தில் இது உயிர் காக்கும், காசநோய் சோதனைக்கு இப்படிப்பட்ட மென்பொருளைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2021இல் பரிந்துரைத்திருக்கிறது. ஆனால் எதை வைத்துச் சொல்கிறது என்று நோண்டிக்கொண்டே இருக்க ஓர் ஆள் வேண்டும். அந்த நோண்டல் பாதி புள்ளியியல், பாதி தத்துவம்.

நீங்கள் இப்போது எதிர்க்கேள்வி கேட்க வேண்டும்: மனிதனும் புரியாமல் சரியாகச் சொல்வதில்லையா? சொல்கிறான். நமக்கு ராமானுஜனைவிட நல்ல சாட்சி வேண்டாம். 1912இல் மதராஸ் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர். 1913இல் கேம்பிரிட்ஜ் கணிதப் பேரறிஞர் ஹார்டிக்குக் கடிதம் போடுகிறார், பக்கம் பக்கமாகச் சூத்திரங்கள், நிரூபணம் ஏறக்குறைய இல்லை. எப்படி வந்தது என்றால் நாமகிரித் தாயார் தந்தது என்பார். அவருடைய தலைக்குள் நடந்தது அவருக்கே திறக்காத பெட்டி. அந்தக் கடிதத்தில் பகா எண்கள் பற்றிச் சொன்ன சில கூற்றுகள் தப்பு என்று ஹார்டி கண்டுபிடித்தார், உள்ளுணர்வு அங்கே ஏமாற்றியிருந்தது. ஆனால் 1916இல் அவர் ஊகமாக எழுதிய ஒன்றை நிரூபிக்க 1974இல் பெல்ஜியக் கணிதக்காரர் டெலீன் வர வேண்டியிருந்தது, 58 வருடம். அந்த 58 வருட முயற்சியில் கணிதத்துக்குப் புதுப்புது வாசல் திறந்தது. விடை முன்பே இருந்தது, ஏன் என்ற தேடல்தான் சொத்து சேர்த்தது. நாளைக்கு இயந்திரம் ஆயிரம் ஊகங்களைக் கொட்டும்போது நமக்குத் தேவைப்படப்போவது ஹார்டிகளும் டெலீன்களும்தான்.

எனக்கு எதிராக இருக்கும் சாட்சியத்தையும் மறைக்கக் கூடாது. 2022இல் சிலர் ஒத்தெல்லோ பலகை ஆட்டத்தின் நகர்வுகளை மட்டும், வெறும் எழுத்து வரிசையாக, ஒரு சின்ன மொழி மாதிரிக்கு ஊட்டினார்கள். பலகை என்று ஒன்று இருக்கிறது என்றே அதற்குச் சொல்லவில்லை. பிறகு உள்ளே திறந்து பார்த்தால், எந்தக் கட்டத்தில் எந்த நிறக் காய் என்ற படம் அதற்குள் உருவாகியிருந்தது. அதை மாற்றினால் அடுத்து சொல்லும் நகர்வும் அதற்கேற்ப மாறியது. அடுத்த எழுத்தைக் கணிப்பதற்காக அது தானே ஒரு பலகையைக் கட்டிக்கொண்டது. இதை வெறும் உருப்போடல் என்று தள்ள முடியவில்லை. பாண்டிச்சேரிக் கணக்கரின் தலைக்குள்ளும் வாரன் கேட்கத் தெரியாத ஏதோ ஒரு வானம் இருந்திருக்கலாம் என்று அதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தோன்றியது. புரிதல் என்பது இருக்கு, இல்லை என்று இரண்டே பதில் உள்ள கேள்வி இல்லை போலிருக்கிறது. எவ்வளவு, எதைப் பற்றி, எங்கே உடையும் என்று கேட்க வேண்டிய கேள்வி. தத்துவத்தில் இப்போது உண்மையிலேயே சூடாக இருப்பது இதுதான், இதற்கு இயந்திரத்தைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

மாடி வீட்டுப் பையன் ஒருவன் சதுரங்கம் ஆடுகிறான், பன்னிரண்டு வயது. குகேஷ் 2024இல் 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனதிலிருந்து இந்தத் தெருவில் வீட்டுக்கு ஒரு பலகை. போன மாதம் அவன் வகுப்புக்குத் துணையாகப் போனேன். தோற்ற ஆட்டத்தை மாஸ்டரிடம் காட்டிக்கொண்டிருந்தான். "இங்க குதிரைய எடுத்து ஓரத்துல வச்சிருக்கணும் சார்." "ஏன்?" "என்ஜின் அதான் பெஸ்ட்னு சொல்லுது." மாஸ்டர் போனை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அது சொல்றது கரெக்ட்டுதான், அதுல சந்தேகமே இல்ல. நீ சொல்லு, ஏன்?" என்றார். பையன் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். பத்து நிமிடம் இருக்கும். எதிராளியின் யானை வரப்போகும் வழியைக் குதிரை அடைக்கிறது என்று கடைசியில் அவனே கண்டுபிடித்தபோது, நான் சொன்னேனே, வகுப்பில் பிள்ளைகள் முகத்தில் வரும் வெளிச்சம், அது வந்தது. என்ஜினுக்கு அந்த நகர்வு முன்பே தெரியும், பையனுக்கு அன்றைக்குத்தான் கிடைத்தது.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். எம்.ஏ. சேரலாம். சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ராதாகிருஷ்ணன் பெயரில் தத்துவ நிறுவனமே இருக்கிறது, ஒருநாள் நேரில் போய் நூலகத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஆனால் படித்த கணினியைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். நேரியல் இயற்கணிதமும் நிகழ்தகவும் கையில் இருக்கட்டும், ஒரு சின்ன மாதிரியை நீங்களே பழக்கி, அதை உள்ளே திறந்து பாருங்கள், அப்புறம் டெக்கார்ட்டைப் படித்தால் வேறு மாதிரி இருக்கும். வீட்டில் அப்பாவிடம் தத்துவம் என்று ஆரம்பித்தால் சண்டை வரும். தேவைப்பட்டால் சொல்லுங்கள், நான் பேசுகிறேன். எங்கள் வீட்டிலும் இயற்பியலுக்கே சண்டை போட்டுத்தான் சேர்ந்தேன்.